மவுத் ஆர்கன் பழுதுபார்ப்பு: ரீடில் கை வைப்பதற்கு முன்

மவுத் ஆர்கனைத் தாமே சரிசெய்ய முனைபவர்களின் முதல் தவறு, குறை கருவியில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவது. பத்துத் துளை டயட்டானிக் கருவியில் (ஒரே ஸ்கேலின் சுரங்களுக்காக அமைந்த வகை) இரண்டாம், மூன்றாம் துளைகளை உறிஞ்சும்போது ஒலி அடைத்துக்கொள்வதாகப் புதிதாக வாசிப்பவர்கள் பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் வாயின் அமைப்பும் அளவுக்கு மீறி இழுக்கும் மூச்சுமே. பழகிய ஒருவர் அதே கருவியை வாசிக்கையில் ஒலி தெளிவாக வந்தால், திருப்புளியை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

உண்மையிலேயே கோளாறு இருந்தாலும் உடனே ரீடை, அதாவது மூச்சில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய உலோக நாக்கை, வளைக்கக் கூடாது. கரகரப்புக் கேட்டால், ரீடுக்கும் அது அசையும் பிளவுக்கும் இடையில் தூசியோ உணவுத் துணுக்கோ சிக்கியிருக்கலாம். அல்லது ரீட், தன்னைத் தகட்டோடு பிணைக்கும் ரிவெட் ஆணியில் சற்றே திரும்பி விளிம்பை உரசலாம். ரீடுகள் பொருத்திய தகட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ரீடின் இரு பக்கமும் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்த்தால் இது விளங்கிவிடும். ஊசியால் குத்தித் துப்புரவு செய்வது பிளவின் விளிம்பில் பிசிறை உண்டாக்கும், இடைவெளி அளக்கப் பயன்படும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு போதுமானது. எண்ணெய் விடவே கூடாது, ஏனெனில் அது தூசியை ஈர்த்து ரீடின் எடையைக் கூட்டும். மரச்சட்டம் கொண்ட கருவியை நீரில் ஊறவைப்பதும் தவறு. பழைய புளூஸ் வாசிப்பாளர்கள் ஒலி பெருகுவதற்காக அவ்வாறு செய்ததுண்டு. கருவியின் ஆயுளைக் கொடுத்து வாங்கிய ஒலி அது.

ரீடின் நுனிக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் திருத்துவதில்தான் பொறுமை அதிகம் தேவைப்படுகிறது. இடைவெளி அகலமானால் மூச்சு வீணாகி ரீட் தாமதமாகப் பேசும். குறுகினால் மெல்லிய மூச்சுக்கு உடனே பேசினாலும், பலமாக ஊதும்போது அடைத்துக்கொள்ளும். நுனியின் தடிமன் அளவுக்கு இடைவெளி இருக்கலாம் என்பது தொடக்கத்துக்கு உதவும் கணக்கு. கீழ்ச்சுருதி ரீடுகளுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஓவர்ப்ளோ (கருவியில் இயல்பாக இல்லாத சுரங்களை ஊதி வரவழைக்கும் உத்தி) வாசிப்பவர்களின் குறுகிய அளவை, அந்த வாசிப்பே தெரியாதவர் அப்படியே பின்பற்றினால் அவர் வாசிக்கையில் கருவி அடைத்துக்கொள்ளும். நுனியை மட்டும் பிடித்துத் தூக்கினால் ரீட் அங்கே மட்டும் மடங்கி நிற்கும். ரிவெட்டுக்கு அருகிலிருந்து மெதுவாக நீவி வளைப்பதும், ஒவ்வொரு முறையும் ரீடை விரலால் மீட்டி அது அமைந்த பிறகே அளவு பார்ப்பதும் முறை. ஊதும் ரீடுகள் மேல் தகட்டின் உட்புறத்திலும், உறிஞ்சும் ரீடுகள் கீழ்த்தகட்டின் வெளிப்புறத்திலும் இருப்பதை மறந்து, நல்ல நிலையிலிருந்த ரீடைக் கெடுத்தவர்கள் நிறைய உண்டு.

வளைத்ததை மீண்டும் வளைக்கலாம், சுரண்டிய உலோகத்தை ஒட்ட முடியாது. ஆகையால் சுருதி திருத்துவது இடைவெளி சரியான பிறகே வர வேண்டும். இடைவெளி மாறினால் சுருதியும் மாறும். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், ரிவெட்டுப் பக்கம் சுரண்டினால் இறங்கும். ரீடின் அடியில் மெல்லிய எஃகுத் தகடு வைத்து, நீளவாக்கிலேயே சுரண்ட வேண்டும்; குறுக்கே விழும் கீறல் பின்னாளில் விரிசலாகிறது. பலமாக ஊதி அளந்தால் சுருதி இயல்பைவிட இறங்கிக் காட்டும் என்பதால், வாசிக்கும் அளவு மூச்சிலேயே சோதிக்க வேண்டும். ட்யூனரின் முள் எல்லாச் சுரங்களுக்கும் சுழியத்தில் நிற்க வேண்டும் என்ற எண்ணமும் பெருந்தவறு. ஒத்திசைவு இனிமையாக அமைவதற்காகச் சில சுரங்களை வேண்டுமென்றே இறக்கி வைத்த கருவிகள் உண்டு. தூய ஒத்திசைவு முறையில் பெரிய மூன்றாம் சுரம் ட்யூனர் வழக்கமாகக் காட்டும் சம அளவு முறையைவிடச் சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) குறைவு. ட்ரெமோலோ வகையில் ஒவ்வொரு சுரத்துக்குமான இரு ரீடுகளும் சற்றே விலகியிருப்பதால்தான் அந்த அலையொலி பிறக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் அது போய்விடும்.

நன்றாக இருந்த ரீட் திடீரெனச் சுருதி இறங்கினால், முதலில் அழுக்குப் படிந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு அடிப்பகுதியில் விரிசல் தேட வேண்டும். விரிசல் கண்ட ரீடின் நுனியைச் சுரண்டிச் சுருதியை ஏற்றினால் சில நாள் தாங்கும், அவ்வளவே. ரீடையோ தகட்டையோ மாற்றுவதே சரி. மீண்டும் பூட்டும்போது திருகுகளை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறிது சிறிதாக, கைக்கு இறுக்கம் தெரிந்தவுடன் நிறுத்தி முடுக்குவது நல்லது.