பெர்மிட்டில் பெயர் எழுதாமல் போன காணிகள்: வன்னிக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கே வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொலித்தீன் பையைத் தெரியும். பிறப்புப் பதிவு, குடும்ப அட்டை, காணி உறுதி, அரசாங்கக் காணிக்குக் கிடைத்த பெர்மிட் எல்லாம் அதற்குள்தான். 2008இல் போரில் கிளிநொச்சியிலிருந்து ஓடத் தொடங்கி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் வரைக்கும் எத்தனையோ தாய்மார் அதை இடுப்பில் கட்டிக்கொண்டே போனார்கள். நகை போனது, மாடு போனது, வீடு தரைமட்டமானது. பை மிஞ்சியது. அப்படிக் காப்பாற்றிய காணி, அதன் சொந்தக்காரர் கண்மூடிய பிறகு யாருக்கென்று முடிவில்லாமல் கோப்புக்குள் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்குவதில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். தங்களிடம் இருப்பது எந்த வகைக் காணி என்று வீட்டில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் சித்தப்பாவுக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயலும் பக்கத்தில் ஒரு மேட்டுக்காணியும் இருந்தன. சின்னம்மா முன்பே போய்விட்டார். கடைசி மகள்தான் கூட இருந்து பார்த்தாள். "இந்தக் காணி அவளுக்குத்தான்" என்று பொங்கலுக்கும் சொல்வார், செத்தவீட்டிலும் சொல்வார். ஊரே கேட்டிருக்கிறது. 2019இல் அவர் காலமானார். பெர்மிட்டை எடுத்துக்கொண்டு போன தங்கச்சியிடம் காணி அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "தங்கச்சி, பின்னுரித்தாளர், அதாவது அப்பாவுக்குப் பிறகு காணி யாருக்கு என்று பெயர் எழுதுற இடம் வெறுமையா இருக்கே." அன்றைக்கு இருந்த சட்டப்படி அடுத்த உரித்து மூத்த மகனுக்கு. அவர் கனடாவில். "தங்கச்சிக்கே இருக்கட்டும்" என்று அவர் தொலைபேசியில் மனதாரச் சொன்னார். அந்தச் சொல்லைக் கோப்பில் போட முடியவில்லை. வயலை இன்றும் அவள்தான் விதைக்கிறாள். ஆனால் காகிதம் அவள் பெயரில் இல்லாததால் அதை ஈடு காட்டிக் கடன் எடுக்க முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளங்களின் கீழ் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பெர்மிட் என்கிற அனுமதிப்பத்திரமோ, அதற்குப் பிறகு கிடைக்கும் அளிப்புப் பத்திரமோ உங்கள் கையில் இருக்கும். இரண்டும், உறுதி எழுதி முழுச் சொந்தமாக வைத்திருக்கும் உறுதிக் காணி போன்றவை அல்ல. முதல் உரித்து உங்கள் மனைவிக்கு அல்லது கணவருக்கு, பெயர் குறித்திருந்தாலும் சரி, குறிக்காவிட்டாலும் சரி. ஆனால் பெயர் குறிக்கப்படாத துணைக்கு, தனக்குப் பிறகு இது யாருக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை. அதன் பிறகு, நீங்கள் நியமித்த பின்னுரித்தாளருக்குப் போகும். நியமிக்கவில்லை என்றால் சட்டத்தில் உள்ள உறவு வரிசைப்படி. முன்பு அந்த வரிசையில் மகள்மாருக்கு முன்னால் மகன்மார் நின்றார்கள். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை எடுத்துவிட்டது. ஆனாலும் வயதில் மூத்த பிள்ளைக்கே முதலிடம். வீட்டோடு இருந்து பார்த்த கடைக்குட்டி அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்பாள்.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவில்லை. பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளர் நியமனப் படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பிச் சாட்சிகளோடு கையொப்பம் வைக்க வேண்டும். பிறகு அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். இந்தப் பதிவில்தான் பலர் தவறிப்போகிறார்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவாகாத நியமனம் செல்லாது. படிவத்தைக் கொடுத்துவிட்டு "முடிஞ்சுது" என்று வந்துவிடாதீர்கள். சில மாதம் கழித்துப் பதிவாகிவிட்டதா என்று போய்க் கேளுங்கள், பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். நியமித்த பிள்ளை இறந்துவிட்டாலோ, மனம் மாறினாலோ, பழையதை இரத்துச் செய்வதும் இதே முறையில்தான்.

யாரைப் போடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். உரித்துப் பெறுபவர் 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய உரித்து போய்விடும். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ வேலை செய்யும் மகன் செத்தவீட்டுக்கு இரண்டு கிழமை லீவில் வந்து போவான், வயலில் இறங்க வரமாட்டான். பாசத்தோடு அவன் பெயரைப் போட்டால் காணிதான் கஷ்டப்படும். வயலை நான்கு பிள்ளைகளுக்கும் கால் காலாகப் பிரிக்கும் ஆசையும் இப்படித்தான். ஆகக் குறைந்தது எவ்வளவுக்குப் பிரிக்கலாம் என்பது பத்திரத்தின் நிபந்தனையிலேயே இருக்கும். முதலில் அதை வாசியுங்கள். வயல் ஒருவருக்கென்றால் மற்றவர்களுக்கு வேறு எதைக் கொடுப்பது என்று உயிரோடு இருக்கும்போதே, எல்லாரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பெர்மிட் காணியை வெள்ளைத் தாளில் எழுதி விற்பதும், சீதனமென்று மருமகனுக்கு எழுதிக் கொடுப்பதும் வன்னியில் சர்வசாதாரணம். பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் செய்த கைமாற்றம் சட்டத்தின் முன் வெறும் தாள். வாங்கினவருக்கும் காணியில்லை, கொடுத்தவருக்கும் நிம்மதியில்லை. மரண சாசனத்தில் "என் பெர்மிட் காணி இன்னாருக்கு" என்று எழுதிவிட்டு இருந்துவிடுவதும் ஆபத்து. பதிவு செய்த பின்னுரித்தாளர் நியமனத்தையே நம்புங்கள்.

உறுதிக் காணிக்கு வழி வேறு. அங்கே மரண சாசனம் உங்கள் விருப்பத்தைக் காப்பாற்றும். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதலாம். நொத்தாரிசு இல்லையென்றால் 5 சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். சொத்துப் பெறப்போகிறவர்களைச் சாட்சிக்கு வைக்காதீர்கள். நன்கொடை உறுதியாக இப்போதே கொடுப்பதென்றால், உங்களுடைய சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமையை, அதில் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, தாங்கள் கட்டிய வீட்டின் திண்ணையில் விருந்தாளி போல இருக்கும் வயோதிபர்களை நான் பார்த்திருக்கிறேன். மீட்க முடியாத நன்கொடை என்று எழுதிவிட்டால், பிள்ளையின் நன்றிகெட்ட நடத்தையைக் காட்டித் திரும்பப் பெற நீதிமன்றம்தான் போக வேண்டும். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான் வந்தது.

வெளிநாட்டில் இருப்பவர், தன் சார்பில் கையொப்பம் வைக்க ஊரிலுள்ள தம்பிக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுத்திருப்பார். கொடுத்தவர் இறந்த அன்றே அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அதன் பிறகு அதை வைத்து உறுதி முடித்தால் வழக்கில்தான் போய் நிற்கும்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னால் அவர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் கணவரின் பெயரிலுள்ள காணி, வங்கிப் புத்தகம் எல்லாம் அப்படியே உறைந்து கிடக்கும். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த காணாமற்போனமைக்கான சான்றிதழ் அவர்களுக்காகத்தான். அவர் இறந்துவிட்டார் என்று கையொப்பம் வைக்காமலே அவருடைய சொத்து விடயங்களைக் கவனிக்க அது வழி திறக்கிறது. இன்னொன்று, வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள சீதனக் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் இல்லாத நிலையில் மாவட்ட நீதிமன்றத்தில் அந்த அனுமதியைக் கேட்கலாம். ஆனால் மரண சாசனம் எழுத அவருக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. இதைத் தெரியாமல் எத்தனை அக்காமார் "அவர் வந்தபிறகு பார்ப்பம்" என்று பிள்ளைகளின் உரிமையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்! 1958இலும் 1977இலும் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து குடியேறிய குடும்பங்களுக்குத் தேசவழமை தானாகப் பொருந்திவிடும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைச் சட்டத்தரணியிடம் முதலிலேயே கேளுங்கள்.

வங்கிக் கணக்குக்குப் பெயர் நியமிக்கப் படிவம் ஒன்றே போதும். நகை அடைவுச் சீட்டு எந்த வங்கியில், எந்தத் திகதியில் முடிகிறது என்று இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஓட்டத்தில் உறுதியைத் தொலைத்தவர்கள், உறுதி இலக்கமோ பழைய சொந்தக்காரரின் பெயரோ தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்கப் பாருங்கள். அந்த விபரங்கள் பல வீடுகளில் ஒரு வயோதிபரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கின்றன. இன்றைக்குப் பின்னேரம் அவருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியோடு போய் இருங்கள்.