செயலிழந்த குரல்நாணுக்குச் சொந்தக் கொழுப்பு: எடுப்பது முதல் ஏற்றுவது வரை

ஒரு பக்கக் குரல்நாண் அசைவற்றுப் போனால், மற்றது எவ்வளவு முயன்றாலும் நடுவில் இடைவெளி விழும். பேச்சில் காற்றுதான் அதிகம் வரும், இருமலில் வலு இருக்காது, தண்ணீர் குடித்தால் புரையேறும். நோயாளியின் கொழுப்பையே எடுத்து, அந்த நாணைப் பருக்கவைத்து நடுக்கோட்டுக்குத் தள்ளுவதுதான் இந்தச் சிகிச்சை. அறுவைக்கூடத்துக்குப் புதிதாக வரும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறோம். பேச்சுப் பயிற்சியாளர்களும் நோயாளியின் குடும்பத்தினரும் படித்தால் பயன்படும்.

இதே வேலைக்கு முன்பு பரவலாக இருந்த டெஃப்லான் (ஒரு செயற்கைப் பொருள்) ஊசி, பல ஆண்டுகள் கழித்தும் கிரானுலோமா எனும் அழற்சிக் கட்டிகளை உண்டாக்கியது. கொழுப்பில் அந்தப் பயம் கிடையாது. ஆனால் ஏற்றியதில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிவிடும், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கீழே உள்ள கவனங்களில் பெரும்பாலானவை அந்த இழப்பைக் குறைப்பதற்கே.

யாருக்குச் செய்யலாம்

முதலில் காரணத்தைத் தேடுங்கள். தைராய்டு அறுவைக்குப் பிறகு வந்தது என்றால் விடை கையிலேயே இருக்கிறது. காரணம் தெரியாவிட்டால் மண்டையோட்டின் அடிப்பகுதியிலிருந்து பெருந்தமனி வளைவுக்குக் கீழ்வரை சி.டி. எடுக்க வேண்டும். குரல்நாணை அசைக்கும் இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி அந்த வளைவைச் சுற்றித்தான் மேலே ஏறுகிறது. நுரையீரல் புற்றுநோய் முதன்முதலில் குரல் மாற்றமாகவே தலைகாட்டுவதும் உண்டு.

நரம்பு அறுபடவில்லை என்றால் 6 முதல் 12 மாதங்களுக்குள் அசைவு தானாகவே திரும்பலாம். அதுவரை சமாளிக்க, தற்காலிகமாக நாணைப் பருக்கவைக்கும் ஹயலுரானிக் அமில ஊசி போதும். கொழுப்புக்கு ஏற்றது சிறிய, நடுத்தர இடைவெளி. பின்பக்கம் பெரிதாகத் திறந்திருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் மூடாது. அவர்களுக்குத் தைரோபிளாஸ்டியோடு (கழுத்து வழியாக ஒரு பொருளை வைத்து நாணை நடுவுக்குத் தள்ளும் அறுவை), நாணின் பின்முனை பொருந்தியிருக்கும் அரிட்டினாய்டு குருத்தெலும்பைத் திருப்பிவைக்கும் அறுவை தேவைப்படும். இரண்டு நாண்களும் செயலிழந்து மூச்சுப்பாதை குறுகியவர்களுக்கு இதைச் செய்யவே கூடாது.

அறுவைக்கு முன் குரலைப் பதிவு செய்யுங்கள். மூச்சை நன்றாக இழுத்து ‘ஆ’ என்று எவ்வளவு நேரம் சொல்ல முடிகிறது என்று மூன்று முறை பார்த்து, நீளமானதைக் குறித்துக்கொள்ளுங்கள். நலமான பெரியவர்களுக்கு 15 விநாடிக்கு மேல் வரும், இவர்களுக்குப் பெரும்பாலும் 10-ஐத் தொடாது. இந்த எண் இல்லாமல் பின்னாளில் முன்னேற்றத்தைப் பேச முடியாது.

கொழுப்பு எடுப்பது

முழு மயக்கம், மூச்சுக்காகச் செருகும் குழாய் 5 அல்லது 5.5 அளவு. கழுத்து வளையாதவர், பல் துருத்தியவர் என்றால் வயிற்றில் கைவைப்பதற்கு முன்பே லாரிங்கோஸ்கோப்பில் (குரல்வளையைப் பார்க்கும் கருவி) குரல்நாண் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தொப்புளுக்குக் கீழே அரை செ.மீ. கீறல் போதும். அங்கே குடலிறக்கமோ பழைய அறுவைத் தழும்போ இருந்தால் தொடையின் உட்பக்கத்துக்குப் போய்விடுங்கள். அட்ரினலின் கலந்த சலைனைச் செலுத்தி ஏழெட்டு நிமிடம் காத்திருந்தால் ரத்தம் குறையும். பிறகு 10 மி.லி. சிரிஞ்சில் 2–3 மி.மீ. மொட்டைமுனைக் கேனுலாவை (மெல்லிய உறிஞ்சுகுழாய்) பொருத்தி, ஒரு கையால் தோலைப் பிடித்துத் தூக்கியபடி விசிறிபோல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். பிஸ்டனை 1–2 மி.லி. அளவுக்கு மேல் இழுக்காதீர்கள். அவசரப்பட்டு முழுதாக இழுத்தால் அந்த உறிஞ்சுவிசையிலேயே செல்கள் உடைந்துவிடும். உடைந்த செல் நாணுக்குள் பிழைக்காது. 10 மி.லி. எடுத்தால் பாதிக்கு மேல் திரவமும் எண்ணெயுமாகக் கழிந்துவிடும்.

சுத்தம் செய்வது

பலரும் அவசரப்படும் கட்டம் இதுதான். சிரிஞ்சைச் சென்ட்ரிஃப்யூஜில் 3 நிமிடம் சுழற்றினால் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே எண்ணெய், நடுவில் மஞ்சள் கொழுப்பு, அடியில் ரத்தம் கலந்த நீர். நிமிடத்துக்கு 3000 சுற்று என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் கருவியின் ஆரம் மாறினால் விசையும் மாறும். உங்கள் கருவியில் அது சுமார் 1200 ஜி (புவியீர்ப்பைப் போல் 1200 மடங்கு) ஆக இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரிஃப்யூஜ் இல்லாவிட்டால் சலைனில் மெதுவாகக் கழுவி வடிக்கலாம். அடிநீரைத் திறந்துவிட்டு, மேல் எண்ணெயைச் சாய்த்து ஊற்றி, மிச்சத்தைப் பஞ்சுத் துண்டால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் தங்கினால் அளவு ஏமாற்றும். ஏற்றியது 2 மி.லி. என்று நினைப்பீர்கள், அதில் பாதி சில வாரங்களில் கரைந்துபோகும். ரத்தம் தங்கினால் அழற்சி வரும். வெண்மையான நார்த்துண்டுகளை இடுக்கியால் பொறுக்கி எறியுங்கள், ஊசியை அடைப்பவை அவைதான். கொழுப்பைத் திறந்த கிண்ணத்தில் காயவிடாதீர்கள்.

ஏற்றுவது

புரூனிங்ஸ் சிரிஞ்ச் (விசையை அழுத்த, சொடுக்குச் சொடுக்காகத் தள்ளும் சிரிஞ்ச்), 18 அல்லது 19 கேஜ் ஊசி. அதைவிட மெல்லிய ஊசி கொழுப்பை நசுக்கும். முனையில் கொழுப்பு எட்டிப்பார்க்கும்வரை தள்ளிக் காற்றை வெளியேற்றிய பிறகே உள்ளே போங்கள்.

முதல் குத்து வோகல் பிராசஸின் (அரிட்டினாய்டில் நாண் பொருந்தும் முனை) வெளிப்பக்கத்தில், நாணின் உள்தசையான தைரோஅரிட்டினாய்டுக்குள் ஆழமாக. ஒவ்வொரு சொடுக்குக்கும் பிறகு நிறுத்திப் பாருங்கள், விசையை விட்ட பிறகும் கொழுப்பு சற்றுநேரம் ஊறிக்கொண்டே இருக்கும். நாண் முழுதும் மெல்லப் பருத்து நகர்ந்தால் இடம் சரி. விளிம்பில் மட்டும் வெளிறிய புடைப்பு எழுந்தால் மேலோட்டமாகப் போய்விட்டது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். சவ்வுக்கடியில் தங்கிய கொழுப்பு அதிர்வைக் கெடுக்கும். அங்கேயே சிறு கீறலிட்டு உறிஞ்சி எடுத்துவிடுவதே நல்லது. நாணுக்குக் கீழே வீங்கினால் ஊசி மிக ஆழத்தில் இருக்கிறது, மூச்சுப்பாதை குறுகும்.

தேவைப்பட்டால் நாணின் நடுவில் இரண்டாவது குத்து. அதற்குமேல் துளை போடாதீர்கள், ஒவ்வொரு துளையிலும் கொழுப்பு கசியும். உறிஞ்சப்படுவதை ஈடுகட்ட 30–50 சதவீதம் கூடுதலாக, விளிம்பு நடுக்கோட்டைத் தாண்டி வளையும்படி ஏற்ற வேண்டும். பெரும்பாலும் 1–2 மி.லி. போதும். நாணின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கில் மட்டும் அதிகப்படுத்தாதீர்கள், குரல் நெரிபட்டதுபோல் ஆகிவிடும். சில விநாடி ஊசியை அப்படியே வைத்திருந்து எடுங்கள். குழாயை அகற்றுமுன் மூச்சுப்பாதை போதுமா என்று பாருங்கள்.

பிறகு

அன்றிரவு மருத்துவமனையில் இருக்கட்டும். மூச்சில் சத்தம் கேட்டால் தாமதம் கூடாது. குரல் ஓய்வு இடத்துக்கு இடம் மாறும், சில நாளிலிருந்து ஒரு வாரம் வரை சொல்வார்கள். முதல் சில வாரங்கள் குரல் கரகரத்து இறுக்கமாகத்தான் வரும். இதை அறுவைக்கு முன்பே நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அறுவை கெட்டுவிட்டது என்று பயந்துபோவார்கள். கடும் பட்டினி இருந்து எடையைக் குறைக்க வேண்டாம், நாணில் உள்ள கொழுப்பும் உடலோடு சேர்ந்து இளைக்கலாம்.

மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ‘ஆ’ நேரத்தை மறுபடி அளந்து, ஸ்ட்ரோபோஸ்கோப்பியும் (விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில் நாணின் அதிர்வைப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள். ஆறாம் மாதம் நிற்பது பெரும்பாலும் நிலைக்கும். இடைவெளி திரும்பியிருந்தால் இன்னொரு முறை ஏற்றலாம். அதுவும் கரைந்தால் மூன்றாவது ஊசிக்குப் பதில் தைரோபிளாஸ்டியைப் பற்றிப் பேசுங்கள்.