குவியும் மின்னஞ்சலைக் கட்டுக்குள் கொண்டுவந்து, இன்பாக்ஸிலிருந்து வேலையைப் பிரித்தெடுப்பது எப்படி?

இன்பாக்ஸில் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் தேங்கிக் கிடப்பதற்கு, நாள்தோறும் வருபவை மிகுதி என்பது மட்டும் காரணமன்று. படித்த பிறகும் என்ன செய்வதென்று முடிவெடுக்காமல் விட்டுவிடுவதே பெரிய காரணம். ஒரே அஞ்சலைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, மறுநாள் இன்னொருமுறை எனத் திறந்து, ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று மூடும்போது, வேலை நகராமலேயே நேரம் போய்விடுகிறது. முடிவெடுக்க வேண்டியவை மட்டுமே இன்பாக்ஸில் இருக்க வேண்டும், முடிவெடுத்தவை உடனே அங்கிருந்து வெளியேற வேண்டும் என்பதே இங்கே சொல்லப்போகும் முறையின் அடிப்படை.

பழைய குவியலை ஒவ்வொன்றாகப் படித்துத் தீர்க்க முயல வேண்டாம். அம்முயற்சி பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். மேலதிகாரி, முக்கிய வாடிக்கையாளர் போன்றோரின் பெயர்களை மட்டும் தேடிப் பார்த்து, பதில் அனுப்பாமல் விட்டவற்றைத் தனியே எடுத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு முற்பட்ட மற்ற அனைத்தையும் ஆர்க்கைவ் செய்துவிடலாம். ஆர்க்கைவ் செய்த அஞ்சல் அழிந்துவிடுவதில்லை. இன்பாக்ஸை விட்டு நீங்கினாலும் தேடினால் கிடைக்கும். ஜிமெயிலில் அழித்தால், அது குப்பைத்தொட்டிக்குச் சென்று 30 நாட்களுக்குப் பின் நிரந்தரமாக நீங்கிவிடும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே உள்ள தேர்வுக் கட்டத்தை அழுத்தினால், கண்முன் இருக்கும் பக்கம் மட்டுமே தேர்வாகும். தேடலில் கிடைத்த அத்தனையையும் தேர்ந்தெடுக்கும் வசதி, அதன் பிறகு பட்டியலுக்கு மேல் தோன்றும் சிறு வரியில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பக்கம் பக்கமாக அகற்றிக் களைத்துப்போகிறவர்கள் பலர்.

அடுத்து, புதிதாக வரும் அஞ்சல்களைக் குறைக்க வேண்டும். மொத்தமாக விளம்பர அஞ்சல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று 2024-இல் கூகுளும் யாகூவும் விதி கொண்டுவந்தன. எனவே, படிக்காமலே கடந்துபோகும் நியூஸ்லெட்டர்களிலிருந்து விலகுவது இப்போது எளிது. ஆனால், முன்பின் அறியாதவரிடமிருந்து வந்த சந்தேகத்துக்குரிய அஞ்சலில் உள்ள எந்த இணைப்பையும், ‘விலக இங்கே அழுத்தவும்’ என்று இருந்தாலும்கூட, தொடாமல் ஸ்பேம் என்று குறித்துவிடுவதே பாதுகாப்பு. ரசீதுகள், மென்பொருள்கள் தாமாக அனுப்பும் அறிவிப்புகள் ஆகியவற்றுக்கு ஃபில்டர் (அஞ்சலைத் தானாகவே வகைபிரிக்கும் விதி) அமைத்து, இன்பாக்ஸுக்கு வராமல் ஒரு லேபிளின் (ஜிமெயிலில் கோப்புறை போலப் பயன்படும் பெயர்க்குறி) கீழ் சேரும்படி செய்யலாம். வங்கி எச்சரிக்கைகளையும் கணக்குப் பாதுகாப்பு அறிவிப்புகளையும் இப்படி ஒதுக்கிவிடக் கூடாது.

அன்றாட வேலைக்கு, நாளில் இரண்டு அல்லது மூன்று நேரங்களை ஒதுக்கி, மற்ற வேளைகளில் நோட்டிஃபிகேஷனை நிறுத்திவைக்க வேண்டும். அவசரமானால் தொலைபேசியில் அழைக்கும்படி உடன் பணிபுரிவோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஏதேனும் தவறிவிடுமோ என்ற பதற்றம் இராது. ஒதுக்கிய நேரத்தில், எளிதானவற்றைப் பொறுக்கி எடுக்காமல், வரிசையாகத் திறந்து ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்க வேண்டும். தேவையற்றதை அழிக்கலாம், தகவலுக்காக வந்ததை ஆர்க்கைவ் செய்யலாம், ஓரிரு நிமிடத்தில் முடிவதை அப்போதே முடிக்கலாம்.

இவற்றுள் அடங்காதவைதாம் உண்மையான வேலைகள். அவற்றை இன்பாக்ஸிலேயே நட்சத்திரமிட்டு வைப்பதைவிட, வேலைப்பட்டியலில் சொந்த வார்த்தைகளில் எழுதிக்கொள்வது மிகவும் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. ‘அறிக்கை தொடர்பாக’ என்ற தலைப்பில் நீண்ட அஞ்சல் ஒன்று வந்திருப்பதாகக் கொள்வோம். அதைப் படித்து, ‘மூன்றாம் பகுதியின் செலவுக் கணக்கைச் சரிபார்த்து வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்’ என்று பட்டியலில் எழுதிவிட்டால், அந்த அஞ்சலை மீண்டும் படித்துப் பொருள் தேட வேண்டியதில்லை. அதை ஆர்க்கைவ் செய்துவிடலாம். செய்ய வேண்டிய செயலும் நாளும் இல்லாத பதிவு, பட்டியலிலும் அதே அஞ்சலைப் போலவே தேங்கிக் கிடக்கும். பிறரிடம் கேட்டுவிட்டு விடைக்காக நிற்பவற்றுக்கு ‘காத்திருப்பவை’ என்று தனி லேபிள் வைத்து, வாரம் ஒருமுறை பார்த்து நினைவூட்டலாம். அஞ்சலை மறைத்துவைத்து நாம் குறித்த நேரத்தில் மீண்டும் இன்பாக்ஸுக்குக் கொண்டுவரும் ஸ்னூஸ் வசதியைக் குறிப்பிட்ட நாளில் மட்டுமே தேவைப்படும் அஞ்சலுக்குப் பயன்படுத்துவது நல்லது; முடிவைத் தள்ளிப்போட அதைப் பயன்படுத்தினால், பழைய குவியலே வேறு நாளில் திரும்பி வரும்.

கோப்புறைகளை அதிகம் உருவாக்க வேண்டியதில்லை. தேடல் வசதி நன்றாக இருப்பதால், நான்கைந்து போதும்.

நாம் அனுப்பும் அஞ்சலே நமக்கு வரும் அஞ்சலைப் பெருக்குகிறது என்பதையும் கருத வேண்டும். ‘எப்போது சந்திக்கலாம்?’ என்று மட்டும் கேட்டால், இரு தரப்பிலும் பல அஞ்சல்கள் பறக்கும். ‘செவ்வாய் காலை 11 மணி அல்லது புதன் மாலை 4 மணி எனக்கு வசதி, இரண்டும் இயலாது எனில் உங்களுக்கு ஏற்ற நேரத்தைக் குறிப்பிடுங்கள்’ என்று எழுதினால், ஒரே பதிலில் முடிந்துவிடும். ஓர் அஞ்சலில் ஒரு பொருளை மட்டும் எழுதி, எதிர்பார்ப்பதைத் தலைப்பிலேயே சொல்லி, உண்மையில் தேவைப்படுவோரை மட்டும் சிசியில் (நகல் பெறுவோர் பட்டியலில்) சேர்க்க வேண்டும். ‘நன்றி’ என்ற ஒரு சொல்லை ரிப்ளை ஆல் மூலம் அனைவருக்கும் அனுப்புவதைத் தவிர்க்கலாம்.

விடுப்பில் செல்லும்போது, திரும்பும் நாளையும் அதுவரை அணுக வேண்டியவரையும் தானியங்கிப் பதிலில் குறிப்பிட வேண்டும். திரும்பி வந்ததும் ஒவ்வோர் உரையாடலிலும் கடைசி அஞ்சலை முதலில் படித்தால், நாம் இல்லாதபோதே தீர்ந்துவிட்ட சிக்கல்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க நேராது.