199 ரூபாய் சட்டை ஏழு எடுத்தால் எவ்வளவு? கணக்கின் அடிப்படைப் பண்புகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடிக்குச் சாயங்காலம் ஆறேழு பிள்ளைகள் கணக்கு படிக்க வருவார்கள். பரிமாற்றுப் பண்பு, சேர்ப்புப் பண்பு என்று பெயரெல்லாம் கடகடவென ஒப்பிப்பார்கள். 37 + 48 + 63 எவ்வளவு என்று கேட்டால் விரலை மடக்குவார்கள். அதனால் பெயர் அப்புறம், முதலில் கணக்கு.

படி 1: ஜோடி தேடுங்கள்

37-க்கு ஜோடி 63. இரண்டும் சேர்ந்தால் 100, அதோடு 48, ஆக 148. எண்களை இடம் மாற்றினோமே, அது பரிமாற்றுப் பண்பு. எந்த இரண்டை முதலில் சேர்ப்பது என்பதை நம் வசதிக்கு வைத்துக்கொண்டோமே, அது சேர்ப்புப் பண்பு. பெருக்கலிலும் இதே கதைதான்: 25 × 17 × 4 என்றால் முதலில் 25 × 4 = 100, அப்புறம் 1,700.

படி 2: கழித்தலில் கை வைக்காதீர்கள்

கழித்தலுக்கும் வகுத்தலுக்கும் இந்த இரண்டு பண்புகளும் கிடையாது. 500 ரூபாயோடு காசிமேடு போகிறீர்கள். சங்கரா 180, நெத்திலி 120. மிச்சம் 500 − 180 − 120 = 200. இதையே 500 − (180 − 120) என்று அடைப்புக்குறி போட்டால் 440 வரும். மீன்கார அக்கா நெத்திலியையும் கொடுத்து, கையில் 120 ரூபாயும் கொடுத்த மாதிரி! செலவைக் கூட்டிவிட்டுக் கழித்தால் வம்பில்லை: 500 − (180 + 120).

படி 3: உடைத்துப் பெருக்குங்கள்

எனக்குப் பிடித்தது இதுதான். எம்.சி. ரோட்டில் 199 ரூபாய் சட்டை ஏழு எடுக்கிறீர்கள். 199-ஐ 200 − 1 என்று உடையுங்கள்.

7 × (200 − 1) = 1,400 − 7 = 1,393

இது பங்கீட்டுப் பண்பு. பிள்ளைகள் பாதிப் பேர் இங்கே 1,400 − 1 = 1,399 என்று எழுதுவார்கள். "ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு ரூபாய் கூட வைத்தோம், ஒரு சட்டைக்கு மட்டும் திருப்பி வாங்கினால் மீதி ஆறு ரூபாய் யாருக்கு?" என்று கேட்பேன். அழிப்பானைத் தேடுவார்கள். வெளியே நிற்கும் 7, உள்ளே இருக்கும் இரண்டையும் பெருக்க வேண்டும்.

வகுத்தலில் மேலே இருப்பதை உடைக்கலாம்: 156 ÷ 12 என்பதை 120 ÷ 12 + 36 ÷ 12 என்று போட்டால் 10 + 3 = 13. வகுக்கும் எண்ணை உடைக்கக் கூடாது. 12 ÷ (2 + 4) என்பது 2; தனித்தனியாக வகுத்துக் கூட்டினால் 6 + 3 = 9 என்று தப்பாக வரும்.

படி 4: 0, 1

0-ஐக் கூட்டினாலும் 1-ஆல் பெருக்கினாலும் எண் மாறாது. 0 கூட்டல் சமனி, 1 பெருக்கல் சமனி. 0-ஆல் பெருக்கினால் எல்லாம் 0.

0-ஆல் வகுப்பதுதான் சிக்கல். 12 ÷ 0 என்றால், 0-ஐ எதனால் பெருக்கினால் 12 வரும் என்று கேட்கிறோம். அப்படி ஓர் எண் இல்லை. பூஜ்யத்துக்குக் கி.பி. 628-இல் விதிகள் எழுதிய இந்தியக் கணித மேதை பிரம்மகுப்தரே 0 ÷ 0 = 0 என்றார்; அதை இன்று ஏற்பதில்லை.

சரி, இப்போது பேனாவைக் கீழே வையுங்கள். 25 × 36 எவ்வளவு? 36-ஐ 4 × 9 என்று பாருங்கள்.