இன்று இரவு கரண்ட் கட்டா? உள்ளூர் எண்ணில் வரும் மோசடியைப் பிடிப்பது எப்படி

‘போன மாத பில் அப்டேட் ஆகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே மின் அதிகாரியை அழைக்கவும்.’ கீழே ஒரு பத்து இலக்க எண். 2022 வாக்கில் தமிழ்நாட்டில் இந்தக் குறுஞ்செய்தி பரவியபோது மின்வாரியமே எச்சரிக்கை விட்டது. இன்னும் ஓயவில்லை. அண்மையில் அம்மாவின் போனுக்கு வந்தபோது நான் சரிபார்த்த வரிசையை அப்படியே தருகிறேன். வங்கி, கூரியர், கேஸ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் இதே வரிசைதான்.

படி 1: அனுப்பியவர் பெயர் வரும் இடத்தைப் பாருங்கள்

‘நம்ம ஊர் நம்பர்தானே’ என்பதை முதலில் மறந்துவிடுங்கள். 2015 முதல் மொபைல் எண்ணை மாற்றாமலே நாட்டின் எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம். போதாததற்கு அடுத்தவர் பெயரில் வாங்கிய சிம்கள், வெளிநாட்டிலிருந்து வரும் இணைய அழைப்பை உள்ளூர் எண்ணாகக் காட்டும் சிம்பாக்ஸ்கள். பேசுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை எண் சொல்லாது.

வங்கியோ அரசுத் துறையோ அனுப்பும் குறுஞ்செய்தியில் பொதுவாக எண்ணுக்குப் பதில் எழுத்தாலான பெயர் இருக்கும். 2025 முதல் அதன் கடைசியில் சிறு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்தும் வருகிறது: விளம்பரம் என்றால் பி, சேவை என்றால் எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. சாதாரண மொபைல் எண்ணிலிருந்து துண்டிப்பு அறிவிப்பு வந்தால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரூகாலரில் ‘ஈபி ஆபீஸர்’ என்று காட்டியதே என்பார்கள். அந்தப் பெயரை மோசடிக்காரரே எழுதிக்கொள்ளலாம். அது ஸ்பாம் என்று சிவப்பில் காட்டினால் நம்புவேன், நல்ல பெயர் காட்டினால் நம்ப மாட்டேன்.

படி 2: உங்கள் பில்லோடு ஒப்பிடுங்கள்

நம் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ‘போன மாத பில்’ என்ற பேச்சே இல்லை. அதிலும் முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அம்மாவுக்குப் பல தடவை கட்ட வேண்டிய தொகையே பூஜ்யம். அவருக்கும் துண்டிப்பு மிரட்டல்! செய்தியில் இணைப்பு எண்ணும் இல்லை, ஏனென்றால் அனுப்பியவனுக்கு அது தெரியாது.

சந்தேகம் தீரவில்லையா? பழைய ரசீதில் உள்ள இணைப்பு எண்ணை வைத்து மின்வாரியச் செயலியில் பாருங்கள், அல்லது மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகம் 94987 94987-க்கு அழையுங்கள். செய்தியில் வந்த எண்ணுக்கு மட்டும் வேண்டாம்.

படி 3: ஏற்கெனவே அழைத்துவிட்டால்

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். எதிர்முனையில் இருப்பவர் கத்த மாட்டார், ‘சார், மேடம்’ என்று மரியாதையாகத்தான் பேசுவார். ‘பணம் கட்டியிருக்கீங்க, சிஸ்டத்துல ஏறலை, பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க’ என்பார். அதற்கு எனிடெஸ்க் அல்லது குவிக்சப்போர்ட் செயலியை இறக்கச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணைக் கேட்பார். அந்த எண்ணைச் சொல்லி அனுமதியும் கொடுத்த நொடியிலிருந்து உங்கள் திரை அவருக்கும் தெரியும். பத்து ரூபாய் அவருக்குத் தேவையில்லை. அதைக் கட்டும்போது நீங்கள் தட்டும் கார்டு எண்ணும், மேலே வந்து விழும் ஓடிபியும்தான் தேவை. ‘நான் ஓடிபியைச் சொல்லவே இல்லையே’ என்று பலர் குழம்புவது இதனால்தான்.

செயலியை இறக்கிவிட்டால், முதலில் மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். அப்புறம் செயலியை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து கார்டையும் நெட்பேங்கிங்கையும் முடக்கச் சொல்லுங்கள்.

படி 4: *401* என்று தட்டச் சொன்னால்

தட்டாதீர்கள். அது கால் ஃபார்வர்டிங். உங்களுக்கு வர வேண்டிய அழைப்பும், குரலில் சொல்லப்படும் ஓடிபியும் அவருக்குப் போகும். தட்டிவிட்டால் ##002# அடித்து எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். 2024 ஏப்ரலில் இந்த முறையை நிறுத்தச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது, இருந்தாலும் தட்டாமல் இருக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

படி 5: புகார்

இரண்டு கதவுகள் உண்டு, மாற்றித் தட்டினால் நேரம் வீணாகும். பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முயல்வார்கள் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. பணம் போகவில்லை, மிரட்டல் மட்டும்தான் என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு என்ற புகார்ப் பகுதி. ஸ்கிரீன்ஷாட் தேவைப்படும், எனவே செய்தியை அழிக்க வேண்டாம். வெறுமனே பிளாக் செய்வதைவிட இதுதான் எனக்குப் பிடித்த வழி. பிளாக் செய்தால் நமக்கு மட்டும்தான் நிம்மதி.

பின்சேர்க்கை: வாட்ஸ்அப்பில் டிராஃபிக் அபராத ரசீது என்று ஒரு ஏபிகே ஃபைல் (திறந்தால் போனில் செயலியை நிறுவும் ஃபைல்) வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வருகிறது, தெரிந்தவர் எண்ணிலிருந்தே கூட! அவர் போனும் அப்படித்தான் மாட்டியிருக்கும். திறக்காதீர்கள், அவரை அழைத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி: வங்கி என்று சொல்லி அழைத்தால்? பரிவர்த்தனை, சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பரத்துக்கு 140 வரிசையையும் பயன்படுத்தும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. வேறு எண்ணில் வந்தால் வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கத்தில் அச்சடித்த எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.