பகடையோடு ஆடும் கதாபாத்திர விளையாட்டு: வேலூர்க் கோட்டையை வைத்து விதிகளைக் கற்கும் முறை

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதையை நகர்த்தும் விளையாட்டுகளுக்கு முன்னோடி. இன்று அதை ஆட விரும்புபவர்கள் பெரும்பாலும் 300 பக்கங்களுக்கு மேற்பட்ட விதிநூலைக் கண்டே பின்வாங்கிவிடுகிறார்கள். அந்த நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பது தொடக்கநிலையினருக்குத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. தாயம் ஆடுபவர்கள் எவரும் விதிகளைப் படித்துக் கற்றதில்லை. ஆடுபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, காய் வெட்டுப்படும்போது வெட்டையும் மலை ஏறும்போது மலையையும் தெரிந்துகொண்டார்கள். அதே வழியில், ஒரே ஒரு விதியை முதலில் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை ஆட்டத்தின் போக்கிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: தேவையானவை

நான்கைந்து பேர் போதும். அவர்களில் ஒருவர் டன்ஜன் மாஸ்டராக இருந்து சூழலை விவரிப்பார். மற்றவர்கள் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் வேண்டும். அவை கிடைக்காவிட்டால் கைப்பேசியில் பகடை உருட்டும் இலவசச் செயலி ஒன்று போதுமானது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. அதில் திறன் சோதனை, சண்டை ஆகிய இரண்டு பகுதிகளை மட்டும் ஒருமுறை படியுங்கள். மந்திரங்களின் நீண்ட பட்டியலை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

இரண்டாம் படி: தெரிந்த இடத்தில் கதையைத் தொடங்குதல்

விதியும் புதிது, உலகமும் புதிது என்றால் கவனம் இரண்டாகப் பிரியும். ஆகவே வேலூர்க்காரர்கள் அனைவரும் அறிந்த கோட்டையையே களமாகக் கொள்ளலாம். காலம் 1806 ஜூலை 9, இரவு. திப்பு சுல்தானின் குடும்பத்தார் கோட்டைக்குள் காவலில் இருக்கிறார்கள்; தலைப்பாகை, திருநீறு, தாடி குறித்த புதிய ஆணைகளால் சிப்பாய்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். கடைத்தெரு வணிகர், குதிரைக்காரர், சிப்பாயின் தம்பி ஆகிய மூவரும் ஒரு கடிதத்தை உள்ளே சேர்க்க வேண்டும். மறுநாள் விடியலுக்கு முன் வெடித்த சிப்பாய்க் கிளர்ச்சி உண்மையான மனிதர்கள் உயிரிழந்த வரலாறு என்பதால், கடிதம் சேர்ந்ததும் கதையை நிறுத்திக்கொள்வதே முறை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் படி: 20 முகப் பகடை

இந்த விளையாட்டின் உயிர்நாடி இந்த விதிதான்; இதற்கே அதிக நேரம் கொடுங்கள். முடிவு உறுதியில்லாத ஒரு செயலை ஒருவர் செய்ய முயலும்போது, 20 முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு தம் திறனுக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை டன்ஜன் மாஸ்டர் மனத்தில் வைத்த இலக்கெண்ணை எட்டினாலோ தாண்டினாலோ வெற்றி. எளிய செயலுக்கு இலக்கு 10, நடுத்தரச் செயலுக்கு 15, கடினமான செயலுக்கு 20.

குதிரைக்காரர் அகழியை நீந்திக் கடக்கிறேன் என்கிறார். இருட்டு, ஆழம், மேலே காவல் என்பதால் இலக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உடல்வலிமைக்கு +2, நீச்சல் போன்ற செயல்களில் பெற்ற பயிற்சிக்கு +2, ஆக மொத்தம் +4. பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20 முகங்களில் 10 முகங்கள், அதாவது 50 விழுக்காடு வாய்ப்பு. பயிற்சி இல்லாத வணிகர் அதே வலிமையோடு இறங்கினால் வாய்ப்பு 40 விழுக்காடாகக் குறையும். கரையிலிருந்து கயிறு பிடித்து நண்பர் உதவினால் குதிரைக்காரர் இரண்டு பகடைகளை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு 75 விழுக்காடாக உயரும். காலில் பாசி சிக்கியிருந்தால் இரண்டில் சிறிய எண்ணையே எடுக்க வேண்டும். அப்போது 25 விழுக்காடுதான்.

எப்போது உருட்டக் கூடாது என்பதும் இதே அளவுக்கு முக்கியம். பகலில் கூட்டத்தோடு வாயிற்பாலத்தைக் கடப்பதற்குப் பகடை வேண்டாம். அகழி முழுவதையும் ஒரே தாவலில் தாண்டுகிறேன் என்றாலும் வேண்டாம். அது நடக்காத காரியம். தோற்றால் கதையில் ஏதேனும் மாறும் என்ற இடத்தில் மட்டும் பகடையைக் கையில் எடுங்கள்.

நான்காம் படி: பாத்திரத் தாள்

வலிமை, வேகம், உடலுறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி ஆகிய ஆறு திறன்களுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்னும் எண்களை விருப்பப்படி பங்கிடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 10-ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, பின்னம் வந்தால் கீழ் எண்ணுக்கு இறக்குங்கள். 15-க்கு +2, 13-க்கு +1, 8-க்கு –1 கிடைக்கும். தொடக்கநிலைப் பாத்திரத்தின் பயிற்சிக்கு எப்போதும் +2.

ஐந்தாம் படி: ஒரு சிறு சண்டை

கோட்டை அகழியில் முதலைகள் இருந்ததாக ஊரில் ஒரு கதை உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். எல்லோரும் 20 முகப் பகடையோடு வேகத்தின் எண்ணைக் கூட்டி, பெரிய எண்ணிலிருந்து வரிசைப்படி ஆடுவார்கள். தம் முறை வரும்போது ஒருவர் இடம் நகரலாம், ஒரு செயல் செய்யலாம். விதித் தொகுப்பின்படி முதலையின் தற்காப்பு எண் 12, உயிர்ப்புள்ளிகள் (அடிபடும்போது சேதத்தின் அளவுக்குக் குறைபவை) 19. தாக்குபவரின் கூட்டுத்தொகை 12-ஐ எட்டினால் அடி விழும். குத்துவாளாக இருந்தால் 4 முகப் பகடையை உருட்டி, வேகம் அல்லது வலிமைக்குரிய எண்ணைச் சேர்த்துச் சேதத்தைக் கணக்கிடுங்கள். முதலைக்கோ தாக்க +4, கடித்தால் 10 முகப் பகடையோடு 2 சேதம். தொடக்கநிலைப் போர்வீரருக்கே ஏறத்தாழ 12 உயிர்ப்புள்ளிகள்தான் இருக்கும் என்பதால் இரண்டு கடியில் அவர் விழுந்துவிடலாம். எனவே முதல் ஆட்டத்தில் ஒரு முதலைக்கு மேல் விடாதீர்கள்.

தாக்கும்போது பகடையிலேயே 20 விழுந்தால் அடி உறுதி, சேதப் பகடைகளும் இருமடங்கு. 1 விழுந்தால் குறி தவறும். இந்த விதி தாக்குதலுக்கு மட்டுமே உரியது. நீந்துவதற்கும் பேசுவதற்கும் இதை நீட்டிக்கும் பழக்கம் பல குழுக்களில் உண்டு; அப்படி ஆடுவதென்றால் அனைவரும் ஒப்புக்கொண்ட பிறகு ஆடுவது நல்லது.

ஆறாம் படி: ஐயம் எழும்போது

ஆட்டத்தின் நடுவே நூலைப் புரட்டாதீர்கள். டன்ஜன் மாஸ்டர் நியாயமாகத் தோன்றும் முடிவைச் சொல்லட்டும். கேள்வியை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஆட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள். முதலை கவ்விய ஒருவர் எப்படி விடுபடுவது என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும். இலக்கு 12 கொண்ட சோதனை அது. தன் முறையின் செயலைச் செலவிட்டு வலிமையாலோ வேகத்தாலோ திமிறலாம். உயிர்ப்புள்ளி 0 ஆனவர் உடனே இறப்பதில்லை என்பதையும் அப்போதே படித்துக்கொள்ளுங்கள்: தன் ஒவ்வொரு முறையிலும் அவர் 20 முகப் பகடையை உருட்டி, 10 அல்லது அதற்கு மேல் மூன்று தடவை பெற்றால் பிழைப்பார், அதற்குள் மூன்று தடவை தவறினால் இறப்பார். அடுத்த வாரம் இந்த இரண்டு விதிகளோடு ஆடுங்கள். மந்திரம் வேண்டும் என்று யாராவது கேட்டால், அவருக்கு மட்டும் இரண்டு மந்திரங்களைத் தேர்ந்து கொடுங்கள்.