வெள்ள மாதிரியில் 80 மீட்டர் தாழ்ந்துபோன ஆறு

அடையாற்றுக்கு வெள்ளக் கணினி மாதிரி ஒன்றை உருவாக்கியபோது, எவ்வளவு மழையைக் கொடுத்தாலும் கரை தாண்டாமல் ஆறு அத்தனையையும் விழுங்கிக்கொண்டிருந்தது. படுகையின் உராய்வுக் கெழுவில்தான் பிழை என்று எண்ணி, அதை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதிலேயே இரண்டு வாரங்களைக் கழித்தேன்.

ஆற்றின் குறுக்குவெட்டை வரைந்த பிறகுதான், ஜிபிஎஸ் கருவியால் நாங்கள் அளந்த படுகைப் புள்ளிகள் கரையைவிட 80 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருப்பது தெரிந்தது. கரைக்கும் நிலத்துக்கும் நான் எடுத்துக்கொண்டவை, 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் மூலம் அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயரங்கள். அவை கடல்மட்டத்தை ஒட்டிய புவியீர்ப்புப் பரப்பிலிருந்து கணக்கிடப்பட்டவை. ஜிபிஎஸ் தருவதோ, பூமிக்குப் பொருத்தப்பட்ட சீரான கணித வடிவத்திலிருந்து எடுத்த உயரம். இலங்கைக்குத் தெற்கே அந்தப் புவியீர்ப்புப் பரப்பு 100 மீட்டருக்கும் மேல் பள்ளமாக இருப்பதால், நம் பகுதியில் இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

ஒவ்வொரு ஜிபிஎஸ் உயரத்திலிருந்தும் அந்தந்த இடத்தில் இவ்விரண்டு பரப்புகளுக்கும் உள்ள இடைவெளியாக இஜிஎம்96 என்னும் உலகப் புவியீர்ப்பு மாதிரி தரும் மதிப்பைக் கழித்தேன். இங்கே அம்மதிப்பு எதிர்க்குறி கொண்டது என்பதால் உயரம் கூடும். குறியைத் தவறவிட்டால் பிழை இரட்டிப்பாகும். எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே எண்ணைக் கூட்டுவது எளிதுதான். ஆனால் தட்டையான சென்னை நிலத்தில் அரை மீட்டர் வேறுபாடும் வெள்ளத்தின் போக்கை மாற்றிவிடும் என்பதால் அதை நான் ஏற்கவில்லை. உயரம் முன்பே தெரிந்த நில அளவைக் கல் ஒன்றில் சரிபார்த்த பிறகு மாதிரியை மீண்டும் ஓட்டினேன். ஆறு கரை தாண்டியது.